ஜப்பானிய ராக் கிட்டாரின் பளிச், மொறுமொறு ஓசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய ராக் ஓசை என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

ஒன்றே ஒன்று என்று இல்லை. எக்ஸ் ஜப்பான் குழுவின் வேகமான மெட்டலும் ஜப்பானிய ராக்தான். அதை இங்கே தொடப்போவதில்லை. இந்தப் பக்கம் பேசுவது 1990களில் கிளம்பி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் கிட்டார் ராக்கைப் பற்றி. ஃபுகுவோகாவில் 1995இல் தொடங்கிய நம்பர் கேர்ள், யோகோஹாமாவில் கான்தோ காகுயின் பல்கலைக்கழக மாணவர்கள் 1996இல் சேர்ந்து அமைத்த ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன், சிபா மாவட்டத்திலிருந்து வந்த பம்ப் ஆஃப் சிக்கன், 1991 முதல் 2003 வரை கொளுத்திப்போட்ட தீ மிஷெல் கன் எலிஃபன்ட் என்று ஒரு வரிசை. அனிமே தொடக்கப் பாடல்கள் வழியாக இந்த இசைக்குள் வந்தவர்கள்தான் இந்தக் கேள்விகளை அதிகம் கேட்கிறார்கள்.

இவர்கள் யாரும் ஒரே மாதிரி வாசிப்பவர்கள் அல்ல. ஆனாலும் காதில் விழும் சில பண்புகள் பொதுவானவை. பிக் (கம்பியை அடிக்கும் சிறு தகடு) கம்பியைத் தொடும் நொடி கூர்மையாகக் கேட்கும். டிஸ்டார்ஷன் (ஓசை உடைந்து கரகரப்பது) இருக்கும், ஆனால் கார்டில் (சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டில்) உள்ள சுரங்கள் ஒன்றோடொன்று குழையாது. கிட்டாரின் அடிப்பகுதி ஒல்லியாக இருக்கும். அந்த இடத்தைப் பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும். பாட்டும் பெரும்பாலும் வேகமாகவே ஓடும் என்பதால், நீண்டு வழியும் ஓசை இதற்கு ஒத்துவராது.

கிரஞ்ச் (அந்த மொறுமொறு ஓசை) என்றால் கெயினை (ஓசையை உடைக்கும் அளவை) எவ்வளவு வைக்க வேண்டும்?

பலர் வைப்பதில் பாதி போதும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சோதனை. ஏதாவது ஒரு ஓப்பன் கார்டைப் பிடித்து ஒரு முறை மெதுவாக அடியுங்கள், கிட்டத்தட்ட கிளீனாக, அதாவது உடையாமல், கேட்க வேண்டும். அதே கார்டை ஓங்கி அடித்தால் உடைய வேண்டும். அப்பளத்தைக் கடிக்கும்போது சத்தம் முதல் கடியில்தான். கிரஞ்சும் அப்படித் தொடக்கத்தில் நொறுங்கி, அப்புறம் சுரம் தெளிந்துவிட வேண்டும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம் வந்தால் கெயின் கூடிவிட்டது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் சர்க்யூட்டுக்குள் இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால், வெளியே வரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாகக் கூடவே வரும். 100 ஹெர்ட்ஸ் மூல சுரம், 150 ஹெர்ட்ஸ் ஐந்தாம் சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 50, அதாவது மூல சுரத்தின் கீழ் ஆக்டேவ். அதனால்தான் பவர் கார்டு (மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்) எவ்வளவு கெயினையும் தாங்குகிறது, போதாததற்குக் கனமாகவும் ஆகிறது. ஆனால் இந்த இசையில் பவர் கார்டோடு நிறுத்துவதில்லை. மேஜர் செவன்த், ஆட் நைன் போன்ற கார்டுகள் நிறைய வரும்; அடுத்தடுத்த சுரங்கள் உரசிக்கொண்டு நிற்பதில்தான் அவற்றின் அழகே. அந்த உரசலைக் கெயினுக்குள் விட்டால், கழித்தல் அதிர்வெண்கள் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் போய் விழும், கேட்பதற்குச் சேறு போல் ஆகிவிடும். ஆகவே கார்டு எவ்வளவு சிக்கலோ, கெயின் அவ்வளவு குறைவு.

கெயினைக் குறைத்தால் ஓசை மெலிந்துபோகிறதே?

தனியாகக் கேட்கும்போது மெலிந்துதான் இருக்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது மிட் (நடு ஓசை) குமிழும் வலது கையும். இரண்டைப் பற்றியும் கீழே வருகிறது.

எல்லாரும் ஜேசி-120 ஆம்பைப் பற்றியே பேசுவது ஏன்?

ரோலண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் ஆம்ப் அது. வால்வு கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 60 வாட்ஸ் தனித்தனியாக. அதன் கோரஸ் சர்க்யூட்டைத்தான் (பலர் சேர்ந்து வாசிப்பதுபோல ஓசையை விரிப்பது) மறு வருடம் பாஸ் நிறுவனம் சிஇ-1 பெடலாக, அதாவது காலால் அழுத்தி இயக்கும் பெட்டியாக வெளியிட்டது. பெயரில் ஜாஸ் இருந்தாலும் ராக்காரர்களிடம்தான் அது அதிகம் மாட்டிக்கொண்டது.

ஜப்பானில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை ஸ்டூடியோக்களிலும், லைவ் ஹவுஸ் என்று சொல்லப்படும் சிறிய கச்சேரிக்கூடங்களிலும் இந்த ஆம்ப் இருக்கும். பக்கத்தில் ஒரு மார்ஷல் ஆம்ப் நிற்கும். வீட்டில் சத்தம் போட முடியாது, சொந்த ஆம்பை ரயிலில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. எனவே தோளில் கிட்டார், கையில் பெடல் பெட்டி, அவ்வளவுதான். போகிற இடத்தில் எந்த ஆம்ப் நிற்கிறதோ அதில் செருகி வாசிக்க வேண்டும்.

இந்த ஓசையே அந்த வாடகை அறைகளில் பிறந்தது என்பது என் எண்ணம். ஆம்பை நம்பாமல் ஓசையைப் பெடலிலும் கையிலும் வைத்துக்கொள்கிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. வால்வு ஆம்ப் மன்னிப்பதுபோல ஜேசி-120 எதையும் மன்னிக்காது, அழுத்தி மெழுகித் தராது. பிக் கம்பியில் பட்ட விதம் அப்படியே ஸ்பீக்கரில் வந்து நிற்கும். பளிச்சென்ற அந்த முனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

ஜேசி-120 காதைக் கிழிக்கிறது. எப்படி வைப்பது?

எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துவிட்டு 'சமமாக வைத்திருக்கிறேன்' என்று நினைப்பதில்தான் சிக்கல். பழைய ஃபெண்டர் ஆம்ப்களைப் போலவே இதன் டோன் பகுதியிலும், எல்லாம் நடுவில் இருக்கும்போது மிட் குழிந்து, ட்ரெபிளும் (மேல் ஓசை) பேஸும் (அடி ஓசை) தூக்கலாக இருக்கும். தட்டையாக வேண்டும் என்றால் மிட்டை ஏற்றி மற்ற இரண்டையும் இறக்க வேண்டும்.

தொடங்குவதற்கு: பிரைட் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். ட்ரெபிள் 4, மிட் 8, பேஸ் 3. கோரஸ் அணைப்பில். ஆம்பிலேயே இருக்கும் டிஸ்டார்ஷன் குமிழை மறந்துவிடுங்கள், அதை விரும்புகிறவர்களை நான் பார்த்ததில்லை. இந்த நிலையில் கிளீன் ஓசை கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். சரி, விடுங்கள், மேலே பெடல் போட்டதும் சரியாகிவிடும். கிளீனிலேயே மினுமினுக்க வைத்து, அதன் மேல் டிரைவ் பெடலை அழுத்தினால் குளவி கொட்டும்.

முதல் பெடலாக எதை வாங்கலாம்?

பாஸ் பிடி-2 புளூஸ் டிரைவர். 1995இல் வந்தது, இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. பெயரில் புளூஸ் என்று இருந்தாலும் ஜப்பானிய ராக் குழுக்களின் பெடல் பலகைகளில் இதைப் பார்க்காமல் இருப்பது அரிது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால் இதன் குணம் புரியும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் 1979இல் வந்தது. மட்சுமோட்டோவில் இருந்த நிஷின் ஓன்பா நிறுவனத்தின் சுசுமு தமுரா வடிவமைத்தது. அது அடிப்பகுதியை வெட்டிவிட்டு 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் தூக்கிக் கொடுக்கும். தனி வாசிப்புக்கு அருமை, ஆனால் அதன் மென்மை பிக்கின் கூர்முனையை மழுக்கும். 1981இல் வந்த பாஸ் எஸ்டி-1 அதே குடும்பம்தான். அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சமமில்லாமல் வெட்டுவதால் சற்று முரட்டுத்தனம் கூடும். பிடி-2 இந்த இரண்டையும் போல மிட்டை முன்னுக்குத் தள்ளுவதில்லை. கிட்டாரிடம் இருக்கும் அகலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மேல்பகுதியைத் திறந்துவிட்டு உடைக்கிறது. மெதுவாக வாசித்தால் கிளீனாகிறது. வால்யூம் குமிழைக் கிட்டாரில் பாதி இறக்கினால் இன்னும் கிளீனாகிறது. மேலே சொன்ன சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும் பெடல்.

குறை இல்லாமல் இல்லை. கெயினை 2 மணிக்கு (குமிழின் கோடு கடிகாரத்தின் 2ஐக் காட்டும் இடம்) மேல் ஏற்றினால் பெடல் பிசிறு தட்டும், அடிப்பகுதி குழம்பும்.

கையில் காசு குறைவு என்றால் எஸ்டி-1 போதும். டிரைவைக் கீழே வைத்து, லெவலை ஏற்றி, ஏற்கெனவே லேசாக உடையும் நிலையில் இருக்கும் ஆம்பைத் தள்ளப் பயன்படுத்துங்கள்.

பிடி-2 குமிழ்களை எங்கே வைத்துத் தொடங்குவது?

கெயின் 10 மணி, டோன் 12 மணி. லெவல், பெடலை அழுத்தினாலும் எடுத்தாலும் சத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடத்தில். டெலிகாஸ்டர் என்றால் டோன் 11க்கு இறங்கலாம். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) என்றால் டோன் 1 அல்லது 2, கெயின் 9. அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் தொட வேண்டும்.

இதற்கு டெலிகாஸ்டர் இருந்தே ஆக வேண்டுமா?

இருந்தால் வேலை சுலபம். நம்பர் கேர்ளில் முகாய் ஷுதோக்குவின் டெலிகாஸ்டர், தபுச்சி ஹிசாகோவின் ஜாஸ்மாஸ்டர் இரண்டும் சேர்ந்து எழுப்பிய உலோகச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே அந்தக் கிட்டார்களைத் தேடிப் போனது. மிஷெல் கன் எலிஃபன்ட்டின் அபே ஃபுதோஷி, 2009இல் இறந்துபோனவர், டெலிகாஸ்டரை வைத்துக்கொண்டு கட்டிங் (கம்பியை அடக்கி அடக்கித் தாளம்போல வெட்டி அடிப்பது) வாசிப்பை எங்கே கொண்டுபோகலாம் என்று காட்டியவர். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் ஓர் உலோகத் தகட்டில் தொங்குகிறது. அந்தக் கணீர் ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஜாஸ்மாஸ்டரில் வேறு கதை. அதன் வால்யூம், டோன் குமிழ்களில் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். டெலிகாஸ்டர் (டெலி), ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைகளில் வழக்கமாக 250 கிலோஓம், ஹம்பக்கர் கிட்டார்களில் 500. இந்த எண் பெரிதாக ஆக, பிக்கப்பிலிருந்து மேல்பகுதி கசிந்து போவது குறையும்.

ஆனால் கிப்சன்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். பம்ப் ஆஃப் சிக்கனின் புஜிவாரா மொத்தோ பல வருடங்களாகப் பிடித்திருப்பது கிப்சனின் மஞ்சள் லெஸ் பால் ஸ்பெஷல். அதில் இருப்பது பி-90, ஒற்றைச் சுருள் பிக்கப். டெலியைவிட மிட் கூடுதல், ஹம்பக்கரைவிடக் கடி கூடுதல். கிரஞ்சுக்கு என்று ஒரே ஒரு பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பி-90ஐத்தான் சொல்வேன்.

2022இல் வந்த போச்சி தி ராக் அனிமேயைப் பார்த்துவிட்டு 'அந்தக் கருப்பு லெஸ் பால் கஸ்டம் வாங்கலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் கதையின் நாயகியே கடைசியில் யமஹா பசிஃபிகாவுக்குத்தான் வருகிறாள்! (கதையில் வரும் நான்கு பெண்களின் குடும்பப்பெயர்களும் ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் உறுப்பினர்களுடையவை.) பசிஃபிகாவில் விலை குறைந்த 112வி மாடலிலேயே ஹம்பக்கரை ஒற்றைச் சுருளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. இந்த ஓசைக்கு அது நிரம்பப் போதும்.

என்னிடம் ஹம்பக்கர் கிட்டார்தான் இருக்கிறது, பிரிக்கும் வசதியும் இல்லை.

கிட்டாரின் வால்யூமை 7க்கு இறக்கி வாசித்துப் பாருங்கள். பெடலுக்குள் போகும் சிக்னலின் வலு குறைவதால் கெயின் தானாகக் குறையும். ட்ரெபிள் மங்கினால் வால்யூம் குமிழின் முனைகளுக்கு இடையே ஒரு சிறிய கெப்பாசிட்டர் வைக்கச் சொல்லலாம், ட்ரெபிள் பிளீட் என்பார்கள், பழுது பார்ப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. பிக்கப்பைக் கம்பியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இறக்கினாலும் தெளிவு கூடும். இதற்குச் செலவே இல்லை, ஒரு திருப்புளி போதும்.

பளிச்சென்று வைத்தால் காதைக் குத்துகிறது. குறைத்தால் மந்தமாகிறது. நடுவில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் ட்ரெபிள் குமிழ் அல்ல. 22 ஃப்ரெட் கிட்டாரின் மிக உயர்ந்த சுரமே 1,200 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் கேட்பதெல்லாம் கிளைச்சுரங்களும் பிக்கின் உரசலும். நாம் 'பளிச்' என்று உணர்வது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. 'குத்துகிறது' என்று உணர்வது அதற்கு மேலே, 4,000இலிருந்து. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் 2,000க்கும் 5,000க்கும் இடையேதான், அதனால் அங்கே சிறிய மிகையும் பெரிதாகத் தெரியும்.

பல ஆம்ப்களில் மிட் குமிழ் ஆள்வது சில நூறு ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தொடங்கி, மேல் மிட் வரை நீள்கிறது. அதனால் மிட்டை ஏற்றி ட்ரெபிளை இறக்கினால் ஓசை மந்தமாகும் என்று பயந்தவர்கள், கிட்டார் முன்னே வந்து நிற்பதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். பேஸையும் சற்று இறக்குங்கள். கீழே கனம் குறைந்தாலே மேலே வெளிச்சம் தெரியும், ட்ரெபிளைத் தொட வேண்டியதே இல்லை.

இன்னொன்று: ஸ்பீக்கருக்கு நேரே நின்று கேட்டீர்களா, முழங்காலுக்குக் கீழே ஆம்பை வைத்துவிட்டு மேலே நின்று கேட்டீர்களா? கிட்டார் ஸ்பீக்கரின் மேல்பகுதி ஒளிக்கற்றையாகத்தான் பாயும். உங்களுக்கு மந்தமாகக் கேட்பது, முன்வரிசையில் நிற்பவரின் காதைத் துளைத்துக்கொண்டிருக்கும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள்.

வீட்டில் அருமையாக இருந்த ஓசை குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போகிறதே?

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடி ஓசையையும் மிக உயர்ந்த ஓசையையும் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குழித்து வைத்தால் இனிக்கும். அதே அமைப்பைக் குழுவின் சத்தத்துக்குக் கொண்டுபோனால் பேஸ் பகுதி பேஸ் கிட்டாரோடு மோதும், ட்ரெபிள் சிம்பலோடு மோதும். நடுவில் உங்களுக்கென்று இருந்த ஒரே இடத்தை நீங்களே காலி செய்துவிட்டீர்கள். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாருடையது 41. அந்த 82ஐச் சுற்றி நீங்கள் சண்டை போட்டு ஜெயிக்கப் போவதில்லை, விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல, ஒல்லியாக, 'இது என்ன இப்படி இருக்கிறது' என்று தோன்றும் ஓசைதான் குழுவுக்குள் சரியாக உட்காரும்.

ஸ்டூடியோவில் மார்ஷல் மட்டும்தான் இருக்கிறது.

நல்லதுதான். ஜேசிஎம்2000 டிஎஸ்எல் என்றால் கிளாசிக் கெயின் சேனலில் கிரஞ்ச் பொத்தானை அழுத்தி, கெயின் 3 அல்லது 4. டோன் ஷிஃப்ட் பொத்தானைத் தொடாதீர்கள், அது மிட்டைக் குழிக்கும். பிரசன்ஸ் (மேல் ஓசையைக் கூட்டும் குமிழ்) 3க்குள். இங்கே பெடலே தேவைப்படாமல் போகலாம். பாட்டின் பல்லவிக்கு ஒரு தள்ளு வேண்டுமென்றால் பிடி-2வைக் கெயின் அடியில், லெவல் மேலே என்று வையுங்கள். அல்ட்ரா கெயின் சேனல் வேறு இசைக்கு.

ஆம்பே இல்லை. ஹெட்போன், கணினி, மல்டி எஃபெக்ட்ஸ்தான். முடியுமா?

முடியும். இந்த ஓசை மாடலர்களுக்கு (ஆம்பின் ஓசையைப் போலி செய்யும் கருவிகளுக்கு) எளிது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் கெயின் குறைவு. ஆம்ப் மாடலாக ஜேசி கிளீன் அல்லது ஏசி30 வகையை எடுங்கள். வாக்ஸ் ஏசி30இன் டாப் பூஸ்ட் சேனல் தானாகவே பளிச்சென்று உடையும் குணமுள்ளது, பெடல் இல்லாமலே பாதி தூரம் கொண்டுபோகும். ஜேசி மாடல் என்றால் முன்னால் புளூஸ் டிரைவர் வகைப் பெடலைப் போடுங்கள். பாஸ் கடானா ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் கிரஞ்ச் வகையில் கெயினைக் கீழே வைத்துத் தொடங்கலாம். அதிகக் கெயின் உள்ள பிரவுன் வகைப் பக்கம் போக வேண்டாம்.

எதுவானாலும் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியைப் போலி செய்வது) ஓடுகிறதா என்று பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரியும். அந்தச் சரிவு இல்லாமல் ஹெட்போனில் கேட்டால் தேனீக்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். கேபினட் இருந்தும் பிசிறு தட்டினால், 7,000க்கு மேல் வெட்ட ஒரு ஹை கட், 100க்குக் கீழ் வெட்ட ஒரு லோ கட்.

எல்லாம் சொன்னபடி வைத்தும் அந்த ஓசை வரவில்லை.

அப்படியானால் பிரச்சினை பெட்டியில் இல்லை, கையில் இருக்கிறது. இதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த இசையில் பிக் பிடிக்கும் கை ஒரு தாள வாத்தியம். மணிக்கட்டைத் தளர்வாக விட்டு, 16 பாகமாக விடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலிக்க வேண்டிய இடத்தில் மட்டும் இடது கை அழுத்தும், மற்ற இடங்களில் விரல்கள் கம்பிமேல் லேசாகக் கிடக்கும். அப்போது எழும் 'சக் சக்' என்ற செத்த ஒலிதான் கட்டிங்கின் உயிர். செத்த ஒலியும் முழு ஒலியும் ஒரே வேகத்தில் அடிக்கப்பட வேண்டும். கெயின் கூடினால் இந்தச் செத்த ஒலி வெறும் இரைச்சலாகிவிடும், அதற்கும் முழு ஒலிக்கும் உள்ள சத்த வித்தியாசம் போய்விடும். கெயினைப் பாதியாக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

அடிக்கும் இடமும் முக்கியம். கழுத்துப் பக்கம் அடித்தால் உருண்டையாகவும், பிரிட்ஜ் பக்கம் அடித்தால் கூர்மையாகவும் கேட்கும். இரண்டு பிக்கப்களுக்கும் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை பிரிட்ஜ் பக்கம் தள்ளி அடித்துப் பாருங்கள். பிக் மிக மெல்லியதாக இருந்தால் 'டிக் டிக்' என்ற பிளாஸ்டிக் சத்தம் முந்திக்கொள்ளும், 0.8 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம் நல்ல சமரசம். ஜப்பானில் முக்கோண வடிவப் பெரிய பிக் பிரபலம், மூன்று முனையும் தேயும்வரை ஓடும்.

கம்பி பழசானால் மேல் கிளைச்சுரங்கள் முதலில் சாகும். புதுப் பெடல் வாங்குவதற்கு முன் புதுக் கம்பி மாற்றுங்கள், செலவு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. தடிமன் 10–46 (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் அளவு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நல்லது. 9–42 போட்டு ஓங்கி அடித்தால் சுரம் அடியின் தொடக்கத்தில் மேலே எகிறும், கார்டு பிசகியதுபோல் கேட்கும்.

ஆக்டேவ் வாசிப்பு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எதற்கு?

ஒரே சுரத்தை இரண்டு ஆக்டேவில், ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியில் பிடித்து, நடுவில் உள்ளதையும் மற்றவற்றையும் விரலால் அடக்கி, மொத்தமாக அடிப்பது. ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் வகைப் பாடல்களில் பாடகரின் குரலுக்கு எதிராக ஓடும் அந்த இழுப்பான மெட்டுகள் பல இப்படித்தான் வருகின்றன. அடக்கிய கம்பிகளின் உரசலும் சேர்வதால் ஒற்றைக் கம்பியில் வராத ஒரு முரட்டு முனை கிடைக்கும்.

முன்னே சொன்ன கழித்தல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 200இலிருந்து 100ஐக் கழித்தால் 100, அதே சுரம்தான். அதனால் ஆக்டேவ் கூடுதல் கெயினைத் தாங்கும். கார்டு வாசிக்கும் கிட்டார் ஒரு கெயினில், ஆக்டேவ் வாசிக்கும் கிட்டார் அதைவிட ஒரு படி மேலே என்று வைக்கலாம்.

இரண்டு கிட்டார் இருந்தால் இரண்டும் ஒரே ஓசையாக இருக்கலாமா?

கூடாது. ஒன்று டெலி என்றால் மற்றது பி-90 அல்லது ஹம்பக்கர். ஒன்று கீழே ஃப்ரெட்களில் கார்டு என்றால் மற்றது பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம். பாடிக்கொண்டே வாசிப்பவர் எளிமையானதை எடுத்துக்கொண்டு கெயினைக் குறைப்பது வழக்கம். குரலுக்கும் கிட்டாருக்கும் ஒரே இடத்தில் நெரிசல் வராது.

பதிவு செய்யும்போது?

ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, இடது வலதாகப் பிரியுங்கள். நகலெடுத்து ஒட்டக் கூடாது, மறுபடி வாசிக்க வேண்டும். இரண்டு தடங்கள் சேரும்போது அடர்த்தி தானாகக் கூடும் என்பதால், மேடையில் வைப்பதைவிடவும் கெயினைக் குறையுங்கள்.

ரிவர்ப், டிலே, கம்ப்ரசர்?

ரிவர்ப் மிகக் கொஞ்சம், அல்லது வேண்டாம். டிலே தனி மெட்டுகளுக்கு மட்டும். கம்ப்ரசர் கிளீன் பகுதிகளில் கட்டிங்கைச் சீராக்கும், ஆனால் மெதுவாக அடிப்பதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்றுவிடும். கிரஞ்ச் பகுதியில் அதை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

பிறவிக் குணம். மின்மாற்றி, ட்யூப் லைட், கணினித் திரை இவற்றிலிருந்து விலகி, திசை மாறி உட்கார்ந்து பாருங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பார்ப்பது நல்லது; அது ஓசைக்கு மட்டுமல்ல, உயிருக்கும்.

ஜப்பானிலிருந்து பழைய பெடலோ ஆம்போ வரவழைத்தால் இங்கே ஓடுமா?

பெடல் ஓடும். பெரும்பாலான பாஸ் பெடல்கள் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ்; மிகப் பழையவை என்றால் பெடலில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்கும் சரியான அடாப்டர் எதுவும் போதும். பெடலோடு வந்த அடாப்டரை மட்டும் அப்படியே சுவரில் செருகாதீர்கள், ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. 100 வோல்ட் மட்டும் என்று அடாப்டரில் அச்சிட்டிருந்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும். ஆம்ப் என்றால் 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்பின் பின்புறம் போட்டிருக்கும் மின்நுகர்வைவிடத் தாராளமாகக் கூடுதல் வாட்ஸ் உள்ளதாக எடுங்கள். ஜேசி-120 போன்ற ஒன்றை அப்படி வரவழைப்பதற்கு, அதன் எடைக்கு ஆகும் கப்பல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இங்கேயே வாங்குவது மலிவாக முடியலாம்.